கரண்டி மேடத்தின் மேற்கோள்கள்

முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் மேடம். முதுகு திரும்பியதும் கரண்டி மேடம். பொது சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தின் மூன்று மாடிகளிலும், வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை, இந்தப் பெயர் புழங்கியது. தனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாதது போல் அவள் நடித்தாள். அவள் நடிக்கிறாள் என்பது தெரியாதது போல் மற்றவர்கள் நடித்தார்கள். ஓர் அலுவலகம் சண்டை சச்சரவில்லாமல் ஓட வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது.

பெயருக்குக் காரணம் அவள் இளம் வயதில் எழுதிய ஒரு கட்டுரை. காய்ச்சல் மருந்துப் புட்டியோடு கொடுக்கிற சின்ன அளவுக் குவளையை வீடுகளில் யாரும் பத்திரமாக வைத்துக்கொள்வதில்லை, இரண்டாம் நாளே தொலைத்துவிடுகிறார்கள், ஆகவே வீட்டிலிருக்கும் தேக்கரண்டியே போதும் என்று அந்தக் கட்டுரை சொன்னது. சும்மா சொல்லவில்லை. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, கரண்டிகளை வாங்கித் தண்ணீர் ஊற்றி அளந்து, எல்லாவற்றையும் கூட்டி வகுத்துப் பார்த்துத்தான் சொன்னாள். சராசரி ஐந்து மில்லி வந்தது. மருந்துக்கு வேண்டிய அளவும் அதே ஐந்துதான்.

மேலிடத்துக்கு இது காதில் தேன் வார்த்தது போல் இருந்தது. குவளைச் செலவு மிச்சம் அல்லவா? சில வருஷங்களில் அரசு மருந்தகங்களில் குவளை கொடுப்பது நின்றுபோயிற்று. புட்டியின் மேல் 'ஒரு தேக்கரண்டி' என்று அச்சடித்த சீட்டு வந்தது. கடல் தாண்டியும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் கொசுவலை, கழிப்பறைக் கதவு, தடுப்பூசிப் பெட்டி என்று என்னென்னவோ எழுதித் தள்ளினாள். எல்லாமே நல்ல கட்டுரைகள், ஆனால் ஒன்றும் கரண்டி மாதிரி ஓடவில்லை. முதல் படத்திலேயே வெள்ளிவிழா கண்ட நடிகரின் கதிதான்.

அந்த வருஷம் இயக்குநர் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்தது. அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள் எத்தனையோ தடவை அதில் உட்கார்ந்து எழுந்தாகிவிட்டது. குறுக்கே நின்றது ஒரே ஓர் எண். இயக்குநர் பதவிக்கு விண்ணப்பிப்பவர் எழுதியவற்றில் முப்பது கட்டுரைகளாவது, ஒவ்வொன்றும் முப்பது தடவையாவது, மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டால் கணக்கில் சேராது. அவளிடம் இருபத்தைந்து கட்டுரைகள் முப்பதைத் தாண்டியிருந்தன. மீதி ஐந்தும் இருபத்தொன்பதில் போய் முட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மேற்கோள் விழுந்தால் போதும். விழவில்லை. கழிப்பறைக் கதவைப் பற்றி உலகத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை போலிருக்கிறது.

"என்ன மேடம், நம்ம கதவு தொறந்துச்சா?" என்று எதிர் அறைப் புள்ளியியல்காரர் காலையில் வந்ததும் வராததுமாகக் கேட்பார். அவளுக்கு அந்த எண் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தப்பாக எடுத்துக்கொள்ள முடியாத மனிதர். அவளும் சிரித்துவிட்டு, கணினியைத் திறந்ததும் முதல் வேலையாக மேற்கோள் கணக்குப் பக்கத்தைத்தான் பார்ப்பாள். பார்த்த பத்தாம் நிமிஷம் மறுபடி பார்ப்பாள். அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி அதை விட்டு நகர முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு கட்டுரையை மதிப்பிட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். இது இந்தத் தொழிலின் வழக்கம். கட்டுரையை வெளியிடுவதற்கு முன் அதே துறையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். மதிப்பிடுபவர் யார் என்று எழுதியவர்களுக்குத் தெரியாது. அவர் சரி என்றால் கட்டுரை வெளியாகும், திருத்து என்றால் திருத்தியாக வேண்டும். சம்பளம் கிடையாது. அதிகாரம் மட்டும் உண்டு.

எழுதியவர்கள் ஏதோ ஒரு சிறு மருத்துவமனையில் வேலை செய்கிற இரண்டு இளைஞர்கள். பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. விஷயம் கரண்டி.

அவர்களும் வீடு வீடாகப் போயிருந்தார்கள். அவர்களுக்கும் சராசரி கிட்டத்தட்ட ஐந்துதான் வந்திருந்தது. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஒரு வீட்டுக் கரண்டியில் மூன்று மில்லிதான் பிடிக்கிறது, அடுத்த வீட்டில் ஒன்பது பிடிக்கிறது என்று தனித்தனியாகக் காட்டியிருந்தார்கள். மூன்று பிடிக்கிற வீட்டில் காய்ச்சல் இறங்குவதில்லை. ஒன்பது பிடிக்கிற வீட்டில் நான்கைந்து நாள் தொடர்ந்து கொடுத்தால் குழந்தையின் ஈரல் கெடுகிறது. அப்படிக் கெட்டு வந்த குழந்தைகளையும் கணக்கெடுத்திருந்தார்கள். 'குழந்தை சராசரியைக் குடிப்பதில்லை, தன் வீட்டுக் கரண்டியில் ஊற்றியதைத்தான் குடிக்கிறது' என்று ஒரு வரி. குவளையை உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று முடித்திருந்தார்கள்.

முதல் வாசிப்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது சரி. தான் பண்ணியது தப்பு என்பதும், அது எந்த இடத்தில் தப்பு என்பதும் கூடத் தெரிந்தது. எல்லாக் கரண்டியையும் ஒன்றாகக் கலந்து ஒரு நல்ல கரண்டி செய்துவிட்டாள். அப்படி ஒரு கரண்டி எந்த வீட்டிலும் இல்லை. அவர்களுடைய அட்டவணைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அது ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. கட்டுரையின் கடைசியில் இருந்த மேற்கோள் வரிசையில் அவளுடைய பெயர் ஒரே ஒரு தடவைதான் இருந்தது, அதுவும் மறுப்பதற்காக.

கொசுவலையும் கதவும் பெட்டியும் இருபத்தொன்பதில் நிற்பது ஞாபகம் வந்தது.

ஐந்தையும் ஒரே கட்டுரையில் மேற்கோள் காட்டினால் ஐந்தும் முப்பது. விண்ணப்பத்துக்கு இன்னும் அவகாசம் இருந்தது. 'முக்கியமான ஆய்வு. எனினும் கட்டுரையாளர்கள் கீழ்க்கண்ட ஐந்து கட்டுரைகளைக் கவனிக்கத் தவறியிருக்கிறார்கள்' என்று ஆரம்பித்து, தன்னுடைய ஐந்தையும் எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தால் அம்மணமாகத் தெரிந்தது. பெயரை மறைத்துக்கொண்டு முகத்தைக் காட்டுவது போல. இதற்கு மட்டுமா திருப்பி அனுப்புகிறோம் என்று ஆசிரியர் நினைத்துவிடுவாரே என்று, அதற்கு மேல் ஒரு துணியைப் போர்த்தினாள். 'இன்னொரு பகுதியில் மேலும் நூறு வீடுகளில் அளந்து பார்த்தால் ஆய்வு வலுப்பெறும்.' வலுப்பெற ஒன்றுமில்லை. அது ஏற்கெனவே இரும்பு மாதிரி இருந்தது. நூறு வீடு அளக்க எத்தனை மாதம் ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் குறைவு.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள். எல்லோரும் செய்கிறதுதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மையும்கூட.

*

அவள் குடியிருந்தது தம்பி வீட்டு மாடியில். கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டாமல் கட்டுரைகளோடு காலத்தை ஓட்டிவிட்டவள். தம்பி லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். அவன் மனைவி மழலையர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டிலும் அவளை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். ஒன்றரை வயதில் ஒரு பாப்பா. "அத்த" என்று சொல்ல வராமல் "தத்த, தத்த" என்று மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு கூப்பிடும். அந்தச் சத்தம் கேட்டால் கரண்டி மேடம் எந்த வேலையில் இருந்தாலும் இறங்கி வந்துவிடுவாள்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பி நான்கு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் அவள் கீழே சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இயக்குநர் பதவி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். எண்ணுக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். டீச்சர் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணி, பாப்பாவுக்கு உடம்பு நெருப்பா கொதிக்குது. மருந்தகத்துல இந்தப் புட்டியக் குடுத்தாங்க. எவ்வளவு ஊத்தட்டும்?"

"ஒரு ஸ்பூன்."

"எந்த ஸ்பூன் அண்ணி? வீட்டுல ரெண்டு மூணு தினுசு இருக்கே."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், விசைகளில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றது. மூன்று பிடிக்கிற கரண்டியும் ஒன்பது பிடிக்கிற கரண்டியும் மனசில் வந்து போயின. இவ்வளவு வருஷமாகச் சொல்லிவந்த பதிலை இந்த ஒரு வீட்டுக்காக மாற்றிச் சொன்னால், அந்தப் பதில் தப்பு என்று வாயால் ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும். அதுவும் இந்தக் காலை நேரத்தில், இந்த விண்ணப்பத்தின் முன்னால்.

"டீ ஸ்பூன்தான், எதுவா இருந்தா என்ன? நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ. நான் பேர் வாங்கினதே அதுலதானே" என்று சிரித்தாள்.

டீச்சரும் சிரித்தாள். "அது சரி, வீட்டுலயே டாக்டர வச்சிக்கிட்டு நான் புட்டியப் பாத்து முழிக்கிறேன்" என்று உள்ளே போனாள்.

அந்த வீட்டில் அண்மையில் வாங்கிய கரண்டிகள் நல்ல கனம், நல்ல குழிவு. தேக்கரண்டி என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்திருந்தார்.

காய்ச்சல் பிடிவாதக் காய்ச்சலாக இருந்தது. விட்டு விட்டு வந்தது. டீச்சர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு வேளை தவறாமல் கொடுத்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் அவள். ஐந்தாம் நாள் குழந்தை குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தது. மறுநாள் கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தது.

தம்பி குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினான்.

*

குழந்தைகள் வார்டு டாக்டர் சின்ன வயசுக்காரர். ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, என்ன மருந்து, எத்தனை நாள், எதில் ஊற்றினீர்கள் என்று கேட்டார். "அந்த ஸ்பூன எடுத்துட்டு வர முடியுமா?" என்றார். தம்பி வீட்டுக்குப் போய் எடுத்து வந்தான். டாக்டர் ஊசிக் குழாயில் தண்ணீரை இழுத்துக் கரண்டியில் சொட்டுச் சொட்டாக விட்டார். ஐந்தில் கரண்டி பாதிதான் நிறைந்தது. மறுபடி இழுத்தார். ததும்பியபோது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"மருந்து அதிகமாப் போயிருக்கு. ஈரல் பாதிச்சிருக்கு. முறிவு மருந்து ஏத்துறோம். சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க, ஆனா ரெண்டு நாள் போனாத்தான் எதையும் சொல்ல முடியும்."

டாக்டர் நகர்ந்ததும் தம்பி மனைவி பக்கம் திரும்பினான். சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவன். அன்றைக்கு வார்டே திரும்பிப் பார்த்தது.

"ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் எண்ணச் சொல்லிக் குடுக்குற. சொந்தப் புள்ளைக்கு அளந்து ஊத்தத் தெரியல? யாரு சொன்னா உனக்கு இந்தக் கரண்டியில ஊத்துன்னு?"

டீச்சர் இப்போது தன்னைப் பார்க்கப்போகிறாள் என்று கரண்டி மேடம் நினைத்தாள். டீச்சர் பார்க்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டே, "யாரும் சொல்லல. புட்டியில போட்டிருந்துச்சு, நானாத்தான் ஊத்தினேன்" என்றாள்.

அந்த நிமிஷம் மேடத்துக்கு வந்தது நிம்மதி. அடுத்த நிமிஷமே அந்த நிம்மதியை நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாயைத் திறந்தாள். "விடுடா, ஆஸ்பத்திரியில கத்தாத" என்பதுதான் வெளியே வந்தது. நியாயம் பேசுகிறவள் மாதிரி.

இரண்டு நாளும் குழந்தை கண்ணை மூடியபடியே கிடந்தது. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். தம்பி வருவான், குழந்தையைப் பார்ப்பான், அக்காவிடம் பேசுவான், மனைவியை மட்டும் பார்க்காமல் போய்விடுவான். டீச்சர் ஒரு வாய் சாப்பிடவில்லை. எச்சில் விழுங்கக்கூட யோசிக்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை மட்டும், "அண்ணி, நான் ஒரு தடவையாவது இன்னும் கொஞ்சம் கம்மியா ஊத்தியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைப் பிடிக்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. ஆனாலும் விடவில்லை.

மூன்றாம் நாள் குழந்தை கண் விழித்தது. டாக்டர் வெளியே நடைபாதையில் மேடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பிச்சாச்சு மேடம். இந்த மாதிரி மாசத்துக்கு ஒண்ணு ரெண்டாவது வருது. எல்லாம் கரண்டி கேஸ்தான். பாவம், அம்மாக்கள்தான் திட்டு வாங்குறாங்க. நீங்களும் பொது சுகாதாரம்தான்னு உங்க தம்பி சொன்னாரு. யாராவது இத ஆராய்ச்சி பண்ணி எழுதினா தேவலை."

"எழுதியிருக்காங்க" என்றாள் அவள்.

"அப்படியா? எங்க வந்திருக்கு?"

"இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு, கைபேசி அடிக்காமலே அடித்தது போல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். பெரிய ஆராய்ச்சியாளர். சின்னப் பையனிடமிருந்து தப்பித்து ஓடினாள்.

அந்த வாரமே, வார்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, ஆசிரியரின் மின்னஞ்சல் வந்தது. திருத்திய கட்டுரை. இளைஞர்கள் இருவரும் கேட்டதையெல்லாம் செய்திருந்தார்கள். நூறு வீடு அளந்திருந்தார்கள். முடிவு ஓர் இம்மி மாறவில்லை. ஐந்து மேற்கோள்களையும் சேர்த்திருந்தார்கள். கரண்டிக் கட்டுரையில் கழிப்பறைக் கதவை எங்கே நுழைப்பது என்று எவ்வளவு முழித்தார்களோ! 'வீட்டுப் பொருள்கள் உடல்நலத்தைப் பல விதங்களில் பாதிக்கின்றன' என்று ஒரு வரி எழுதி, அதன் வாலில் ஐந்தையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். யார் கேட்டது என்று அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் பணிவாக எழுதியிருந்தார்கள்.

'மதிப்பீட்டாளரின் மேலான ஆலோசனைகளுக்கு நன்றி. அவற்றால் எங்கள் ஆய்வு வலுப்பெற்றது. திருத்தம் செய்துகொண்டிருந்த மாதங்களில் எங்கள் மருத்துவமனைக்கு மேலும் பதினோரு குழந்தைகள் வந்தார்கள். அவர்களையும் ஆய்வில் சேர்த்திருக்கிறோம். இருவரைக் காப்பாற்ற முடியவில்லை.'

அவள் அந்த வரியை முடித்துவிட்டு, தலையைத் தூக்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். டீச்சரின் மடியில் பாப்பா உட்கார்ந்து ரொட்டித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தது. அந்த இருவருக்கும் அம்மாக்கள் இருப்பார்கள். அவர்களையும் யாராவது வார்டில் நிற்க வைத்துக் கத்தியிருப்பார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, 'ஏற்கலாம். ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அந்த ஐந்து மேற்கோள்களை எடுத்துவிடலாம்' என்று ஆசிரியருக்கு எழுதினாள். ஒரு வரி உண்மை எழுத அவளுக்கு இவ்வளவு மாதம் ஆகியிருந்தது.

முதல் இரண்டையும் ஆசிரியர் கேட்டுக்கொண்டார், கட்டுரை உடனே இணையத்தில் வந்துவிட்டது. மூன்றாவதைக் கவனித்தாரோ இல்லையோ, எடுக்கவில்லை.

*

குழந்தையை வீட்டுக்கு அழைத்துப்போகிற அன்று, வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் புள்ளியியல்காரர் கூப்பிட்டார்.

"மேடம்! கதவு தொறந்துருச்சு! கதவு, வலை, பெட்டி, அஞ்சும் ஒரே நாள்ல! முப்பது மேடம், முப்பது! எவனோ புண்ணியவான் ஒரே வரியில அஞ்சையும் போட்டிருக்கான். டைரக்டர் மேடம்னு இப்பவே கூப்பிடலாமா?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள். "யாருக்கா?" என்று தம்பி கேட்டான். "ஆபீஸ்" என்றாள். மடியில் பாப்பா அவள் கைபேசியைப் பிடுங்கப் பார்த்தது. மருந்தூசி ஏறிய கை இன்னும் வீங்கியே இருந்தது.

வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் தம்பி மருந்துப் பையைத் தூக்கினான். டீச்சர் வாங்கக் கை நீட்டினாள். அவன் அவளைத் தாண்டி வந்து பையை அக்காவின் மடியில் வைத்தான்.

"இனிமே பாப்பாவுக்கு மருந்துன்னா அக்காதான் குடுக்கணும். வேற யாரும் தொடக் கூடாது. அவ ஸ்கூலுக்குப் போகட்டும், இல்ல அவங்க அம்மா வீட்டுக்குப் போகட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. என் புள்ளைய அவள நம்பி விட முடியாது."

டீச்சரின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு புடவை மடிப்பைச் சரிசெய்வது போலக் கீழே இறங்கியது. அவள் அழக்கூட இல்லை. தண்டனை சரிதான் என்று ஏற்றுக்கொண்ட முகம் அது.

கரண்டி மேடத்தால் அந்தப் பையின் கனத்தைத் தாங்க முடியவில்லை. இத்தனைக்கும் இரண்டு புட்டிகளும் ஓர் அளவுக் குவளையும்தான் அதில் இருந்தன.

"ஒரு ஸ்பூன்னு சொன்னது நான்" என்றாள்.

தம்பி திரும்பினான். "அக்கா, அவளுக்காகப் பரிஞ்சு பேசாத."

"பரிஞ்சு பேசலடா. எந்த ஸ்பூன்னு அவ என்னைத்தான் கேட்டா. இந்த மேசையிலதான் உக்காந்திருந்தேன். எதுவா இருந்தா என்னன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

தம்பி மனைவியைப் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு முகத்தைப் பார்த்தான். "நீ ஏன் சொல்லல?"

"அண்ணி ஏதோ அவசர வேலையில இருந்தாங்க. நான்தான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்றாள் டீச்சர்.

"அவசர வேலை!" என்றாள் மேடம். நிறுத்தினால் பிறகு ஒருநாளும் சொல்லமாட்டோம் என்று பயந்து, மூச்சுவிடாமல் சொன்னாள். "எனக்குத் தெரியும்டா. தெரியாம சொல்லல. கரண்டி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு, புள்ளைங்களுக்கு ஈரல் கெடுதுன்னு ரெண்டு பசங்க எழுதி, சரியா தப்பான்னு பாத்துச் சொல்லுங்கன்னு எங்கிட்டதான் வந்துச்சு. சரின்னு எனக்குத் தெரியும். அன்னைக்கே சரின்னு சொல்லியிருந்தா அப்பவே வெளிய வந்திருக்கும். எல்லா மருந்தகத்துலயும் குவளை வந்திருக்குமோ என்னமோ, இந்த வீட்டுக்காவது வந்திருக்கும். நான் இழுத்தடிச்சேன். நாலு மாசம். அவங்க ஊர்ல ரெண்டு புள்ளைங்க செத்துப்போச்சு."

தம்பி அக்காவிடம் கத்திப் பழக்கமில்லாதவன். கத்துவதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எதுக்குக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"மேற்கோளுக்கு."

"அப்படின்னா?"

வாழ்க்கை முழுக்க அவள் துரத்திய விஷயத்தைச் சொந்தத் தம்பிக்கு விளக்க வேண்டி வந்தது. விளக்க விளக்க அது சிறுத்துக்கொண்டே போயிற்று. "ஒருத்தர் எழுதுற கட்டுரையில, கடைசிப் பக்கத்துல, இன்னின்னாரு இதப் பத்தி முன்னாடியே எழுதியிருக்காங்கன்னு பேர் போடுவாங்க. அத எண்ணுவாங்க. எத்தனை தடவ பேர் வருதோ அவ்வளவு மதிப்பு. எனக்கு அஞ்சு குறைஞ்சுது. என் பேர அஞ்சு தடவ எழுதினாத்தான் விடுவேன்னு அந்தப் பசங்களத் திருப்பி அனுப்பினேன்."

தம்பி குனிந்து, அவள் மடியிலிருந்த மருந்துப் பையை எடுத்தான். எடுத்துக்கொண்டு நடுக் கூடத்தில் நின்றான். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், கூசிப்போய், மனைவியின் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் நின்றான். டீச்சர்தான் எழுந்து வந்து அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். குவளையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் கோடுகளைப் பார்த்தாள்.

திட்டுவாள் என்று மேடம் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. மாடியைக் காலி பண்ணு என்று சொன்னால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள்.

டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொன்னது எதுவும் சரியாகப் பிடிபடாமல், அதைப் புரிந்துகொள்ள முயல்கிற முகம்.

"பேரு எழுதணும், அவ்வளவுதானா அண்ணி?" என்றாள். "எங்கிட்டச் சொல்லியிருந்தா, நானே உக்காந்து ஆயிரம் தடவ எழுதிக் குடுத்திருப்பேனே."

அதில் கேலி இல்லை. கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பாள்.